நாய்க்குட்டிக்குக் கூண்டா, தடுப்பு வேலியா?

இரவுத் தூக்கத்துக்கும் சிறுநீர்ப் பழக்கத்துக்கும் என் தேர்வு கூண்டுதான். படுக்கும் இடத்தை அசுத்தம் செய்ய நாய்க்குட்டிகள் பொதுவாக விரும்பாது. ஆனால் அளவு முக்கியம்: நிமிர்ந்து நிற்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்க இடம் போதும். அதைவிடப் பெரிதானால் ஒரு மூலை கழிப்பறையாகிவிடும். முதலில் கதவைத் திறந்தே வைத்து உள்ளே சாப்பாடு கொடுங்கள். கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடுங்கள், கம்பியில் மாட்டிக்கொள்ளும். அப்புறம், தண்டனையாக அடைக்கவே கூடாது.

வேலைக்குப் போகிறவர்களுக்குத் தடுப்பு வேலி நல்லது. 3 மாதக் குட்டியால் 3, 4 மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. வேலிக்குள் தண்ணீர், படுக்கை, மூலையில் செய்தித்தாள் எல்லாம் வைக்கலாம். பழக்கம் வரக் கொஞ்சம் தாமதமாகும், சரி. நாள் முழுக்கக் கூண்டில் கிடப்பதைவிட அது எவ்வளவோ மேல்.