எந்தச் சித்தூர், எந்த ரேண்டம்? பைத்தான் பெயர் மோதலுக்கு மூன்று வழிகள்

கொழிஞ்சாம்பாறையில் நின்று "சித்தூர் பஸ் எது?" என்று கேட்டால் பாலக்காட்டுச் சித்தூருக்குத்தான் கை காட்டுவார்கள். காட்பாடியில் கேட்டால் ஆந்திரச் சித்தூர். பைத்தான் என்ற நிரல் மொழிக்கும் அதே புத்திதான். ஒரு கோப்பை 'இம்போர்ட்' என்று கூப்பிட்டால், எங்கெங்கே தேடுவது என்ற பட்டியலான தேடுபாதையின் தலையில், ஓடுகிற கோப்பு இருக்கும் ஃபோல்டரை வைத்துக்கொள்ளும்; தன்னோடு வந்த நூலகத்துக்கு அப்புறம்தான் போகும்.

என் சித்தி பையன், வீட்டுப் பெண்கள் சேர்ந்து நடத்தும் குறிக்கு (சீட்டுக்கு எங்கள் பக்கத்துப் பெயர்) மாதக் குலுக்கல் ஸ்கிரிப்ட் எழுதி, ரேண்டம்.பை என்று சேமித்துவிட்டான். குலுக்கிப்போட்டு ஒன்றை எடுக்கப் பைத்தானோடு வரும் நூலகக் கோப்பின் பெயரும் ரேண்டம்தான்; எடுத்துத் தருவது அதிலுள்ள சாய்ஸ். ஓட்டினால் தலைப்பு வரி இரண்டு தடவை வந்தது; பிறகு ரேண்டமில் சாய்ஸ் என்று ஒன்றே இல்லை என்று பிழை. "அண்ணா, பைத்தானே கெட்டுப்போச்சு. அழிச்சிட்டு திரும்ப ஏத்தட்டா?" என்று போன்.

கெடவில்லை. தலைப்பை அச்சிடும் வரி இம்போர்ட்டுக்கு மேலே இருந்தது. 'இம்போர்ட் ரேண்டம்' என்றதும் அதே கோப்பு இரண்டாம் முறை ஓடத் தொடங்கி, பாதி வெந்த நிலையில் தன்னிடமே சாய்ஸைக் கேட்டிருக்கிறது.

முதல் வழி, பெயரை மாற்றுவது. பத்து நொடி வேலை. அந்த ஃபோல்டரில் உள்ள மற்ற ஸ்கிரிப்டுகளும் இதனால் பிழைக்கும்: டெம்ப்ஃபைல் என்ற நூலகக் கோப்பே உள்ளுக்குள் ரேண்டமைக் கூப்பிடுகிறது, ஆகவே அதைத் தொடும் எந்த ஸ்கிரிப்டும் இவன் கோப்பில் இடறி விழுந்திருக்கும். பைத்தான் 2 காலத்தில், பைத்தான் தானே மொழிபெயர்த்து வைத்து மிச்சமிருக்கும் பி.ஒய்.சி கோப்பையும் தேடி அழிக்க வேண்டியிருந்தது. இப்போது அந்த வகைக் கோப்புகள் போய்ச் சேரும் பைகேஷ் ஃபோல்டருக்குள் கிடப்பதை, மூலக் கோப்பு இல்லையென்றால் பைத்தான் சீண்டாது.

இரண்டாவது, பைத்தான் 3.11-இல் வந்த பெரிய எழுத்து 'பி' (P) கொடி, அதாவது ஓட்டும் கட்டளையோடு சேர்க்கும் குறிப்பு. பைத்தான் என்று அடித்ததும் ஹைஃபன் போட்டு அதைச் சேர்த்தால் ஸ்கிரிப்டின் ஃபோல்டர் தேடுபாதையில் ஏறாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இவன் இம்போர்ட் செய்யும் உறுப்பினர் பட்டியல் பக்கத்தில் தனிப் பைத்தான் கோப்பாக இருந்தது. கொடியோடு ஓட்டியதும் ரேண்டம் கிடைத்தது, பட்டியல் காணாமல் போனது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை. அதோடு, விண்டோஸில் இரட்டைச் சொடுக்கில் ஓட்டும் சித்திக்குக் கொடியை யார் போட்டுக் கொடுப்பது?

மூன்றாவது, எல்லாவற்றையும் 'குறி' என்ற ஃபோல்டருக்குள் போட்டு, வெளியே நின்று ஹைஃபன் 'எம்' கொடியோடு குறி.ரேண்டம் என்று ஓட்டுவது. பைத்தான் 3-இல் வெறும் 'இம்போர்ட் ரேண்டம்' அப்போது நூலகத்தையே எடுக்கும். நம்முடையது வேண்டுமென்றால் 'ஃப்ரம்' போட்டுப் புள்ளி வைத்துக் கேட்க வேண்டும். பெரிய திட்டங்களுக்கு இதுதான் முறை. ஆனால் யாராவது எடிட்டரில் அந்தக் கோப்பை நேராக ஓட்டினால் பழைய கதை திரும்பிவிடும். நாற்பது வரிக் குலுக்கலுக்கு இத்தனை பந்தல் எதற்கு?

2024-இல் வந்த பைத்தான் 3.13 இந்தப் பிழையை நேராகவே சொல்கிறது: உங்கள் கோப்பு நூலகப் பெயரில் இருக்கிறது, மாற்றிப் பாருங்கள் என்று. அதற்கு முந்தைய பதிப்புகள் வட்ட இம்போர்ட்டாக (கோப்பு சுற்றிவந்து தன்னையே கூப்பிடுவதாக) இருக்கலாம் என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திக்கொள்ளும்.

தம்பியிடம் முதல் வழியைத்தான் சொன்னேன். குலுக்கல்.பை என்று மாற்றினான், ஓடியது. போன வாரம் தவணைத் தேதிகளுக்கு இன்னொரு கோப்பு எழுதி அனுப்பியிருக்கிறான். பெயர், காலண்டர்.பை. அதுவும் நூலகத்தில் இருக்கும் பெயர்தான்.