பிரேடியா, ஜாக்சனா: இரண்டு வகை குவார்ட்டர்பேக்

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை வீசி அணியின் தாக்குதலை நடத்துபவர் குவார்ட்டர்பேக். அதன் தொழில்முறை லீகான என்எஃப்எல் அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாக எடுக்கும் 2000 டிராஃப்டில் டாம் பிரேடி 199ஆவது தேர்வு. 40 கெஜம் ஓட 5.28 விநாடி, படு மந்தம். ஆனாலும் 2023இல் ஓய்வு பெறுமுன் 7 சூப்பர் பௌல் (லீகின் இறுதிப் போட்டி) வென்றார். பந்து கைக்கு வருமுன்பே எதிரணித் தடுப்பைக் கணித்துவிடுவார், எதிரணியினர் நெருங்குவதற்குள் வீசிவிடுவார். அவரை மடக்க, நடுவிலிருந்து நேராக நெருக்க வேண்டியிருந்தது. முன்னங்கால் வைக்க இடமில்லையென்றால் வீச்சில் வலு இறங்காது.

லமார் ஜாக்சன் வேறு ரகம். 2019இல் ஓடியே 1,206 கெஜம். அதுவரை எந்தக் குவார்ட்டர்பேக்கும் தொடாத எண். எதிரணியின் ஓரத் தடுப்பாளர் ரன்னிங்பேக் (பந்தை வாங்கி ஓடும் சக வீரர்) மேல் பாய்ந்தால் பந்தைத் தானே எடுத்து ஓடுவார்; பாயாமல் நின்றால் கொடுத்துவிடுவார். ஓடினால் அடி விழும்தான். 2021, 2022 பருவக் கடைசி ஆட்டங்களைக் காயத்தாலும் இழந்தார்.

குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசை பலவீனமான அணிக்கு ஜாக்சன் வகைதான் சரி. பிரேடி வகைக்கு முதலில் அந்த வரிசையின் நடுவைக் காக்கும் நல்ல சென்டர், கார்டுகள் தேவை.