பழைய ஃபியட் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: டிங்கரிங் வேலையில் நான் ஏமாந்த கதை

கோவையில் பழைய கார்களுக்கு டிங்கரிங், பெயிண்டிங் செய்து தருகிற ஒரு பட்டறையில் 2024இல் என் பத்மினியை (நாம் ஃபியட் என்றே சொல்லிப் பழகிய கார்) விட்டு ஏமாந்தேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் பட்டறையின் பெயரை எழுதவில்லை. ஆனால் என்ன செய்தார்கள் என்பதை ஒன்று விடாமல் எழுதுகிறேன். இதே வேலையை எந்த ஊரிலும் யாரும் செய்யலாம். உங்கள் வண்டியில் நடந்திருக்கிறதா என்று அரை மணி நேரத்தில் நீங்களே பார்த்துவிடலாம்.

வண்டி 1986 மாடல் பிரீமியர் பத்மினி. அப்பா புதிதாக எடுத்தது. 1998இலிருந்து என் பொறுப்பில் இருக்கிறது. எஞ்சின் வேலைக்கு இதுவரை யாரிடமும் போனதில்லை. 1,089 சிசி எஞ்சின், நாலு சிலிண்டர், பானட்டைத் திறந்தால் எல்லாமே கைக்கு எட்டும். பாயிண்ட் சுத்தம் செய்து ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளி பார்ப்பது, கார்புரேட்டரைக் கழற்றி ஜெட் ஊதுவது, வீல் சிலிண்டர் கிட் மாற்றுவது, கிங் பின்னுக்கு கிரீஸ் அடிப்பது எல்லாம் என் ஞாயிற்றுக்கிழமை வேலைகள். இரண்டு முறை ஹெட்டை இறக்கி நானே வால்வு லேப்பிங் செய்திருக்கிறேன். சித்திரை வெயிலில் பாலக்காடு ரோட்டில் பெட்ரோல் பம்ப் சூடேறி வண்டி நின்றால், ஈரத் துணியைப் பம்பின் மேல் போட்டுப் பத்து நிமிஷம் நிழலில் நிற்க வேண்டும் என்பது அப்பா சொல்லிக்கொடுத்தது. இன்றைக்கும் அதைத்தான் செய்கிறேன்.

எனக்கு வராதது தகடு வேலை. டிரைவர் சீட்டுக்கு அடியில் ரப்பர் மேட்டைத் தூக்கினால் ரோடு தெரிகிற அளவுக்குத் துரு. இரண்டு பக்கமும் கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற சில் பகுதியும் அடியில் அரித்துப்போயிருந்தது. இதை அழகுப் பிரச்சினை என்று நினைக்கக் கூடாது. லாரி, ஜீப் மாதிரி இந்த வண்டிக்குத் தனி சேஸிஸ், அதாவது பாடியைத் தாங்குகிற இரும்புச் சட்டம், கிடையாது. பாடியேதான் சேஸிஸ். வண்டியின் தரைத் தகடும் இரண்டு சில்லும் சேர்ந்துதான் முன்னையும் பின்னையும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. சில் போனால் வண்டிக்கு முதுகெலும்பு போன மாதிரி.

அதனால்தான் விசாரித்து விசாரித்து அந்தப் பட்டறைக்குப் போனேன். வாசலில் பளபளவென்று இரண்டு அம்பாசடர், ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. உரிமையாளர் என் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்கண்ணா இதுக்குப் போய் கவலைப்படறீங்க, துரு புடிச்சதை அப்படியே வெட்டி எடுத்துட்டு, 20 கேஜ் தகடு வச்சு சி.ஓ.2 வெல்டிங் போட்டுரலாமுங்க" என்றார். சரியான பேச்சு அது. அதைக் கேட்டுத்தான் நம்பினேன். மொத்தம் 1,10,000 ரூபாய். அட்வான்ஸ் 60,000. கணக்கைக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். முறையான எஸ்டிமேட் கேட்காதது என் தவறு.

ஜனவரியில் விட்ட வண்டி, மூன்று மாதம் என்றது ஏழு மாதம் ஆனது. போகிற போதெல்லாம் தார்ப்பாய் மூடியிருக்கும், இல்லை "ஆளு லீவுங்கண்ணா" என்பார். வாட்ஸ்அப்பில் படம் கேட்டால் அனுப்புவார். ஆனால் வந்த படம் எல்லாமே பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கிற அடிப்பூச்சு) அடித்த பிறகு எடுத்தது. துருவை வெட்டிய படம், ஓட்டையாக நிற்கிற படம், புதுத் தகடு வெள்ளையாகத் தெரிகிற படம் ஒன்றுகூட இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஆகஸ்டில் வண்டி வீட்டுக்கு வந்தது. பழைய ஐவரி நிறம், அப்பா எடுத்தபோது இருந்த மாதிரியே. அம்மா வெளியே வந்து பானட்டைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். மீதிப் பணத்தை அன்றைக்கே அனுப்பிவிட்டேன்.

டிசம்பரில், மழை ஓய்ந்த ஒரு காலை, பல்லடம் ரோட்டில் இடது பின் சக்கரம் பஞ்சர். சில்லுக்கு அடியில் ஜாக் வைத்துச் சுற்றினேன். ஜாக் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் ஜாக்கின் தலை சில்லுக்குள்ளே போயிருக்கிறது. ஜாக்கை எடுத்துப் பின் ஆக்சிலுக்கு அடியில் வைத்துத் தூக்கி, சக்கரம் மாற்றி மெதுவாக ஓட்டி வந்தேன்.

வீட்டில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அந்த இடத்தைக் கிளறினேன். முதலில் கருப்பு அண்டர் கோட்டிங் உரிந்தது. அதற்குள் விரல் தடிமனுக்குப் பட்டி, பள்ளத்தை நிரவப் பூசுகிற பசை. பட்டிக்குள் ஃபைபர் மேட். அதையும் உரித்தால் உள்ளே ஈரமாக ஏதோ திணித்திருந்தது. இடுக்கியால் இழுத்தேன். செய்தித்தாள். சுருட்டிச் சுருட்டித் திணித்த தமிழ்ச் செய்தித்தாள். ஒரு துண்டை விரித்துக் காயவைத்தபோது 2024 ஏப்ரல் தேர்தல் பிரசாரச் செய்தி தெளிவாகப் படிக்க முடிந்தது. வண்டி அவர்களிடம் நின்றிருந்த மாதம். தாளுக்குப் பின்னால் அதே பழைய துருப்பிடித்த சில், ஒரு அங்குலம்கூட வெட்டப்படாமல். தரையில் மட்டும் மெல்லிய தகடு ஒன்றை ரிவெட் அடித்து ஒட்டவைத்திருந்தார்கள். சில்லின் அடியில் தண்ணீர் வடிய இருக்கிற ஓட்டைகளையும் பட்டி வைத்து அடைத்துவிட்டார்கள். ஆக, மழைத் தண்ணீர் உள்ளேயே நின்று, தாள் அதை உறிஞ்சிவைத்து, நான் கொண்டுபோய் விட்டபோது இருந்ததைவிட மோசமாக அரித்திருக்கிறது.

இந்த வண்டியில்தான் என் பேத்தியைப் பள்ளிக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

ரேடியேட்டரையும் மாற்றிவிட்டார்கள். திரும்பி வந்ததிலிருந்து வண்டி சூடேறியது, தெர்மோஸ்டாட் என்று நினைத்து அதை மாற்றிப் பார்த்தேன். பிறகுதான் கவனித்தேன், மேல் டேங்க்கில் நானே ஈயம் பற்றவைத்த தடம் இல்லை. என்னுடையது பித்தளை டேங்க், செம்பு கோர். பழைய இரும்புக் கடையில் அதற்கு நல்ல விலை உண்டு. பதிலுக்கு வேறு ஏதோ வண்டியில் கழற்றிய அடைப்பு ரேடியேட்டரை மாட்டி, கருப்பு பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

போய்க் கேட்டேன். "பழைய வண்டின்னா துரு திரும்ப வரத்தானுங்க செய்யும்" என்று ஒரே பதில். புதுத் தகட்டில் நாலு மாதத்தில் இப்படி ஓட்டை விழாது. புதுத் தகடே இல்லை என்பதுதான் விஷயம்.

உங்கள் வண்டியில் வேலை முடிந்திருந்தால் இன்றைக்கே ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, சில், சக்கர வளைவு, கதவின் கீழ் விளிம்பு என்று ஒட்டிப் பாருங்கள். பட்டி தடிமனாக இருக்கிற இடத்தில் காந்தம் பிடிக்காமல் வழுக்கும். விரல் கணுவால் தட்டினாலும் தெரியும், தகடு கணீரென்று கேட்கும், பட்டி மொத்தென்று கேட்கும். பிறகு சமதளத்தில் வண்டியை ஜாக்கில் ஏற்றி, அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து மூடுங்கள். கதவு இடித்தாலோ, இடைவெளி மேலே ஒரு மாதிரி கீழே ஒரு மாதிரி ஆனாலோ, பாடி வளைகிறது என்று பொருள்.

இனிமேல்தான் வேலைக்கு விடப்போகிறீர்கள் என்றால், ரேடியேட்டர், கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், பீடிங் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துக்கொண்டு வண்டியை டோ செய்து அனுப்புங்கள். பத்மினி தயாரிப்பு நின்று இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மும்பையில் கடைசி பத்மினி டாக்ஸியும் 2023 அக்டோபரோடு ஓய்ந்தது. போன பாகம் போனதுதான், சென்னையில் பழைய பாகங்கள் விற்கிற புதுப்பேட்டையில் தேடினாலும் உங்களுடையது திரும்பக் கிடைக்காது. துருவை வெட்டியதும் பிரைமருக்கு முன்னால் நீங்கள் நேரில் பார்த்த பிறகே அடுத்த தவணை என்று எழுதி வாங்குங்கள். வெட்டிய பழைய தகட்டையும் கேட்டு வாங்குங்கள். சில்லை வெட்டுவதற்கு முன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்பு ஆங்கிள் வைத்துப் பற்றவைக்கிறார்களா என்றும் பாருங்கள். அதைச் செய்யாமல் வெட்டினால் பாடி தொய்ந்து, கதவு பிறகு எப்போதும் சரியாகப் பொருந்தாது.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும், செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. என்னிடம் பில் இல்லை. காலண்டர் தாள், ஜிபே ரசீது, வாட்ஸ்அப் குரல் பதிவுகள், அந்தச் செய்தித்தாள் துண்டு, இவற்றைத்தான் இணைத்திருக்கிறேன்.

வண்டி இப்போது என் வீட்டு ஷெட்டில் நாலு ஸ்டாண்டில் நிற்கிறது. தெரிந்த வெல்டர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து என் கண் முன்னால் வெட்டிப் பற்றவைக்கிறார், நான் தகடு பிடித்துக்கொள்கிறேன். இடது சில் முடிந்து ரெட் ஆக்சைடு அடித்தாயிற்று. வலது பக்கம் இன்னும் பிரிக்கவே இல்லை.