மத்தேயுவா, லூக்காவா? வீட்டில் வாசிக்க எந்த மூதாதையர் பட்டியல்

குமரி மாவட்டத்து வீடுகளில் கிறிஸ்துமஸ் குடில் வேலை தொடங்கும் நேரம், டிசம்பர் 17 திருப்பலியில் வாசிக்கப்படுவது மத்தேயு நற்செய்தியில் உள்ள இயேசுவின் மூதாதையர் பட்டியல். ஆபிரகாமில் தொடங்கி, 14 தலைமுறைகளாக மூன்று பிரிவு. லூக்கா, இயேசுவின் திருமுழுக்கை (ஞானஸ்நானத்தை) சொன்ன கையோடு, பின்னோக்கி ஆதாம் வரை, கடவுள் வரை போகிறார்.

அன்பியக் கூட்டத்தில் (பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் சிறு குழு) பேசவென்றால் என் ஓட்டு மத்தேயுவுக்கு. தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி என்று, ஊர் வாய்க்கு அவலாகக்கூடிய பெண்களை அவர் மறைக்கவில்லை. ரூத்து மோவாபியப் பெண், வேற்றினத்தவர். நாமோ குடும்பக் கதை சொல்லும்போது வேறு சாதியில் கட்டிய அத்தையை நைசாக விட்டுவிடுவோம்!

திருமுழுக்கு வீட்டுக்கு லூக்காதான் சரி. உயர்குலத்தில் பிறந்த நட்டாலத்து நீலகண்டப் பிள்ளை 1745-இல் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். குலப்பெருமை அவரைக் காப்பாற்றவில்லை. ஆதாமில் முடிகிற பட்டியலில் எந்தக் குலத்துக்கும் தனி நாற்காலி கிடையாது.

ஒரே சிக்கல், லூக்காவில் 70-க்கும் மேல் பெயர்கள். பிள்ளைகளுக்குப் பத்துப் பத்தாகப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள்.