60 ரூபாய் ஒயர், 700 ரூபாய் ஒயர், நடுவில் ஒரு சிலிக்கான் ஒயர்

டிவி ஸ்டாண்டுக்குக் கீழே இருக்கும் டிராயரை ஆயுத பூஜைக்காகக் காலி செய்தபோது 11 சார்ஜர் ஒயர்கள் வெளியே வந்தன. பொட்டு வைக்க ஒன்றும் உருப்படி இல்லை. நான்கில் கழுத்து கிழிந்து உள்ளே ஜரிகை மாதிரி கம்பி தெரிகிறது. இரண்டு பார்ப்பதற்குப் புதுசு. ஆனால் போனைத் தலையணைமேல் ஒருக்களித்து வைத்து, ஒயருக்கு அடியில் தீப்பெட்டியை முட்டுக் கொடுத்தால் மட்டும் சார்ஜ் ஏறும். மற்றவை ஏன் செத்தன என்றே தெரியாமல் செத்தவை. வீட்டில் மூன்று போன், மகளுக்கு ஒரு டேப்லெட். நாலு வருஷக் கணக்கு இது. ரோட்டுக்கடை ஒயர், போன் கம்பெனி ஒயர், துணி சுற்றிய ஒயர், காந்த ஒயர் எல்லாம் வாங்கிப் பார்த்தாயிற்று. இப்போது சிலிக்கான் உறை போட்ட ஒயரில் வந்து நிற்கிறேன். அதன் பக்கம் சாய்ந்துதான் பேசப் போகிறேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மின்சார ரயிலில் சீப்பு, பர்ஸோடு சேர்த்து விற்கும் 60 ரூபாய் ஒயரின் ஆயுசைப் பற்றி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. என்னை உறுத்தியது அது அல்ல. ராத்திரி முழுக்கப் போட்டாலும் காலையில் 80-ஐத் தாண்டவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பிளேடால் கீறிப் பார்த்தேன். சிவப்பு, கறுப்பு, இரண்டே கம்பி. டேட்டா போக வேண்டிய பச்சையும் வெள்ளையும் இல்லவே இல்லை. சிவப்பை உரித்தால் தலைமுடி போல இழைகள். எண்ணினேன், ஏழு.

ஒரு மீட்டர் ஒயர், 28 கேஜ் கம்பி என்று வைத்துக்கொள்வோம் (கேஜ் எண் கூடக்கூடக் கம்பி மெல்லிசு). மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம் மின்தடை. போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி, ஆக 0.42. அதில் 2 ஆம்பியர் போனால் 0.84 வோல்ட் வழியிலேயே காலி. சார்ஜர் கொடுத்த 5 வோல்ட், போனுக்குப் போய்ச் சேரும்போது 4.16 ஆகிவிடுகிறது. போன் என்ன செய்யும்? இழுக்கிற கரண்ட்டைக் குறைத்துக்கொள்ளும். இதே நீளத்துக்கு 24 கேஜ் கம்பி போட்டிருந்தால் இழப்பு 0.34 வோல்ட்தான். போதாக்குறைக்கு டேட்டா கம்பி இல்லாத ஒயரில், எதிரே இருப்பது என்ன சார்ஜர் என்று போனுக்குப் புரியாமல் அரை ஆம்பியரிலேயே நின்றுவிடுவதும் உண்டு.

மெதுவாக ஏறினால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் சார்ஜரில் செருகும் பழைய செவ்வக யுஎஸ்பி, மறு பக்கம் போனில் செருகும் டைப்-சி இருக்கும் ஒயரில் 56 கிலோ ஓம் ரெசிஸ்டர் (மின்தடைப் பொருள்) ஒன்று இருக்க வேண்டும். எவ்வளவு கரண்ட் இழுக்கலாம் என்று போனுக்குச் சொல்வது அதுதான். அதற்குப் பதில் 10 கிலோ ஓம் போட்டுவிட்டால், பழைய சார்ஜரிடம் அது தாங்க முடியாத 3 ஆம்பியரைப் போன் கேட்டுவிடும். கூகுள் பொறியாளர் பென்சன் லியூங் 2015-ல் இணையத்தில் விற்கும் டைப்-சி ஒயர்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சோதித்து எழுதத் தொடங்கினார். 2016 தொடக்கத்தில், உள்ளே கம்பியை மாற்றி இணைத்திருந்த ஒரு ஒயர் அவருடைய லேப்டாப்பையே தீர்த்துக் கட்டிவிட்டது. சோதிக்கத் தெரிந்தவருக்கே அந்த கதி.

போன் கம்பெனி ஒயரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. கம்பி ஒழுங்கானது, வேகம் சொன்னபடி வரும். என்னிடம் இருந்ததில் கழுத்து மட்டும் ரொம்பக் குட்டை, ஒன்றரை வருஷத்தில் அங்கேயே வெடித்தது. 700 ரூபாய் கொடுத்து மறுபடி அதையே வாங்க மனசு வரவில்லை. ஆனால் ஒரு விஷயம்: ஒப்போவின் வூக் மாதிரி கம்பெனிக்கென்றே தனி வேக சார்ஜிங் உள்ள போன் என்றால் இந்த ஒப்பீடெல்லாம் உங்களுக்கு இல்லை. வோல்ட்டைக் குறைவாக வைத்துக் கரண்ட்டை அள்ளிக் கொடுக்கிற முறை அது. அதற்கேற்ற தடித்த ஒயர் வேண்டும். வேறு ஒயர் போட்டால் சார்ஜ் ஏறும், வேகம் போய்விடும்.

அடுத்து துணி ஒயர். நைலான் பின்னல் போட்டு, முனையில் பளபளவென்று அலுமினிய உறை மாட்டி 400 ரூபாய் சுமாருக்குக் கிடைப்பது. ஆயுசு என்று மட்டும் பார்த்தால் என் வீட்டில் ஜெயித்தது இதுதான். இரண்டு வருஷம் மூன்று மாசம் டேப்லெட்டோடு இருந்தது. பின்னல் ஓரத்தில் பிசிறடித்தது, அவ்வளவுதான். அப்படியென்றால் ஏன் மாறினேன்?

அந்த டேப்லெட்டில் ஒயர் செருகும் துளை, அதாவது போர்ட், ஆட ஆரம்பித்தது. ஒயரைச் செருகினால் பிடிக்காது, தொட்டால் சார்ஜ் நிற்கும். வழக்கம்போல ஒயரைத் திட்டிவிட்டுப் புதுசு வாங்கப் போனேன். பேருந்து நிலையம் பக்கத்து மொபைல் சர்வீஸ் கடைத் தம்பி லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, “ஒயரு நல்லாத்தான் இருக்கு சார். உள்ள பின்னுதான் சாஞ்சு போச்சு” என்றார். டைப்-சி போர்ட்டுக்குள் நடுவில் ஒரு மெல்லிய நாக்கு இருக்கும். அது ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பல போன்களில் போர்ட் தனியாக ஒரு சின்ன சார்ஜிங் போர்டில் இருக்கும், கழற்றி வேறு மாட்டலாம். இந்த டேப்லெட்டில் அது மெயின் போர்டிலேயே பற்றவைத்தது. 1,400 ரூபாய், நாலு நாள். “உத்தரவாதம் சொல்ல முடியாது சார், சூடு பட்டா போர்டே போகலாம்” என்று வேறு சொன்னார்.

ஒயர் ஒப்பீடுகள் பெரும்பாலும் எத்தனை ஆயிரம் முறை வளைத்தாலும் உடையாது என்பதோடு முடிந்துவிடுகின்றன. நானும் அப்படித்தான் வாங்கினேன். ஒயர் உடையவில்லை என்றால் அந்த இழுப்பும் முறுக்கும் எங்கே போயின? போர்ட்டுக்குப் போயின. மகள் டேப்லெட்டை வயிற்றின்மேல் நிறுத்தி விளையாடுவாள். விறைப்பான ஒயர், நீளமான உலோக முனை. இரண்டும் சேர்ந்தால் அது கடப்பாரை. போர்ட்டின் நாக்கை நெம்பிக்கொண்டே இருக்கிறது. டேப்லெட் இரண்டு தடவை கீழே விழவும் செய்தது, அதையும் மறைக்கக் கூடாது. ஒரே ஒரு டேப்லெட்டை வைத்துத் துணி ஒயர் எல்லாவற்றுக்கும் தண்டனை எழுதுவது சரியில்லைதான்.

இருந்தாலும் யுஎஸ்பியை வடிவமைத்தவர்களே இந்தக் கணக்கைத்தான் போட்டிருக்கிறார்கள். பழைய மினி யுஎஸ்பியை 5,000 முறை செருகி எடுக்கலாம் என்று கணக்கு. மைக்ரோ யுஎஸ்பி வந்தபோது, தேய்கிற ஸ்பிரிங் பாகங்களைப் போன் பக்கத்திலிருந்து ஒயர் பக்கத்துக்கு மாற்றி அதை 10,000 ஆக்கினார்கள். டைப்-சியிலும் அதே 10,000, அதே ஏற்பாடு. போனுக்குள் இருப்பது தட்டையான நாக்கு. அதைக் கவ்விப் பிடிக்கும் ஸ்பிரிங்குகள் ஒயரின் முனையில். தேய்ந்தால் ஒயர் தேயட்டும் என்பதுதான் எண்ணம். ஐபோனில் 2012 முதல் இருந்த லைட்னிங் இதற்கு நேர் எதிர். முனை ஒரே கட்டி, ஸ்பிரிங்குகள் போனுக்குள். 2023-ல் ஐபோன் 15-ல்தான் ஆப்பிள்காரர்களும் டைப்-சிக்கு வந்தார்கள். ஒரு நாளைக்கு மூன்று தடவை செருகினால் 10,000 என்பது ஒன்பது வருஷம். ஆக, செருகி எடுப்பதால் போர்ட் சாவதில்லை. பக்கவாட்டு நெம்பல்தான் அதைத் தின்கிறது.

அதனால்தான் சிலிக்கான். 350 ரூபாய்க்கு வாங்கினேன், ஒன்பது மாசமாகிறது. கையில் எடுத்தால் வேகவைத்த சேமியா மாதிரி துவளும். சுருட்டி வைத்துப் பிரித்தால் பழைய சுருள் நினைவில் இருக்காது, தொப்பென்று விழும். டேப்லெட்டை எப்படித் திருப்பினாலும் ஒயர் கூடவே வளைகிறதே தவிர முனையைப் பிடித்து நெம்புவதில்லை. டேப்லெட்டுக்கு எல் வடிவ முனையாகப் பார்த்து எடுத்தேன், கடப்பாரைக்கு நீளமே இல்லாமல் போயிற்று. வாங்கும்போது கடையிலேயே கழுத்தைப் பிடித்து வளைத்துப் பாருங்கள். வில் மாதிரி வளைய வேண்டும். முழங்கை மாதிரி ஒரே இடத்தில் மடிந்தால் அங்கேதான் முதலில் கிழியும்.

அதற்கும் குறை உண்டு. தூசி, தலைமுடி, பூனை ரோமம் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். வாரம் ஒரு தரம் ஈரத்துணியால் துடைக்க வேண்டியிருக்கிறது. கட்டில் விளிம்பிலோ பீரோ கதவிலோ மாட்டினால் துணி ஒயர் தாங்குகிற கீறலை இது தாங்காது. இரண்டு வருஷத்தை நான் இன்னும் பார்க்கவில்லை, துணி ஒயரின் சாதனையை இது எட்டாமலும் போகலாம். போனால் போகட்டும், 350 ரூபாய்.

இடையில் ஒரு புலம்பல். நம் வீடுகளில் சுவிட்ச் போர்டை நெஞ்சு உயரத்தில் வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு பலகைகூட அடிப்பதில்லை. ஒரு மீட்டர் ஒயரில் போன் பாதிக் கிணற்று வாளியாகத் தொங்குகிறது, அல்லது சார்ஜர் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. எந்த ஒயர் வாங்கினாலும் இந்தத் தொங்கல் அதைக் கொன்றுவிடும். 2 மீட்டர் ஒயருக்கு மாறியதில் எங்கள் வீட்டில் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. நீளம் இரட்டித்தால் வழியில் தொலைகிற வோல்ட்டும் இரட்டிக்கும், ஆகவே நீள ஒயரில் மட்டும் மலிவைப் பார்க்கக் கூடாது.

காந்த ஒயரை நாலு மாசம் வைத்திருந்தேன். முனை போர்ட்டிலேயே இருக்கும், ஒயர் வந்து டக்கென்று ஒட்டிக்கொள்ளும். யாராவது தடுக்கினால் ஒயர் கழன்று விடும், டேப்லெட் விழாது. போர்ட்டைக் காக்க இதைவிட நல்ல யோசனை இல்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் பின்கள் வெளியே தெரிகிற மாதிரி இருப்பதால் வியர்வைக் கை பட்டே கறுத்துப் போயின, இரும்புத்தூள் வந்து ஒட்டியது. வேக சார்ஜிங்கும் என்னுடையதில் வரவில்லை. ஒயர்லெஸ் சார்ஜிங்கை மைத்துனர் வீட்டில் ஒரு வாரம்தான் பயன்படுத்தினேன். தேய ஒயரே இல்லை, சரி, சூடாகிறது. ஐபேட் எதிலுமே அந்த வசதி இல்லை, நடுத்தர விலை போன்களிலும் அரிது. எங்களுக்கு ஆகாது.

பழுது பார்ப்பதைச் சொல்லாமல் விட்டால் அப்பா கோபித்துக்கொள்வார், அவருக்குத் தூக்கிப் போடுவதே பிடிக்காது. கறுப்பு டேப் சித்திரை வெயிலில் இளகி ஒரு மாதத்தில் கையெல்லாம் பிசின். பேனா ஸ்பிரிங்கைச் சுற்றுவது, சூடு காட்டினால் சுருங்கும் குழாயை மாட்டுவது இரண்டும் கிழிசலை மறைக்கும். ஆனால் வளைகிற இடம் குழாய் முடிகிற இடத்துக்கு நகர்கிறதே தவிர வளைவது நிற்பதில்லை. உறை கிழிவதற்குள் உள்ளே சில இழைகள் ஏற்கெனவே அறுந்திருக்கும், மிச்ச இழைகள் அந்தச் சுமையையும் தாங்கிச் சூடாகும். மைக்ரோ யுஎஸ்பி காலத்தில் சென்னை ரிச்சி தெருவில் முனையைத் தனியாக வாங்கி நானே பற்றவைத்திருக்கிறேன். டைப்-சியில் அந்த ரெசிஸ்டர் தொல்லையும் சேர்வதால் விட்டுவிட்டேன். உறை லேசாக வெளுத்து வெடிப்பு விட்டதுமே இப்போதெல்லாம் ஒயரை மாற்றிவிடுகிறேன்.

இன்னொன்று, எதை வாங்கக் கிளம்பும் முன்பும் போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சட்டைப் பையின் பஞ்சு உள்ளே அமுங்கி மெத்தை மாதிரி படிந்திருக்கும். முனை முழுசாகப் போகாமல் கழன்று கழன்று வரும். போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெல்லக் கிளறினால் வந்துவிடும். அந்த 11-ல் ஒரு ஒயர் இப்படி அநியாயமாக டிராயருக்குப் போனது. இப்போது மனைவியின் ஆபீஸ் பையில் இருக்கிறது.

பெட்டியில் 100 வாட், 240 வாட் என்று போட்டிருப்பதற்கு லேப்டாப் இல்லாதவர்கள் காசு கொடுக்க வேண்டாம். இரு முனையும் டைப்-சி என்றால், ஒழுங்காகச் செய்த எந்த ஒயரும் 3 ஆம்பியர், அதாவது 60 வாட் வரை தாங்க வேண்டும் என்பது விதி. பெரும்பாலான போனுக்கும் டேப்லெட்டுக்கும் அது தாராளம். அதற்கு மேலே போகிற ஒயர் தடிமனாக, விறைப்பாக இருக்கும். மறுபடி கடப்பாரை.

அம்மாவின் பழைய மைக்ரோ யுஎஸ்பி போனுக்கு மட்டும் இதெல்லாம் கிடையாது. இரண்டு நாளைக்கு ஒரு தடவை பூஜை அலமாரி ஓரத்தில் சார்ஜுக்குப் போடுவார், விடிவதற்குள் எப்படியும் ஏறிவிடும். தலைகீழாகச் செருகியே முனையை நசுக்கிவிடுவார் என்பதால் நல்ல ஒயர் வாங்கிக் கொடுத்தும் பிரயோஜனமில்லை. போன வாரம் தாம்பரம் ரயிலில் பேரம் பேசி இரண்டு 100 ரூபாய்க்கு வாங்கி வந்தேன்.