கொழுப்பு ஊசியால் எலும்பு பொருந்தும் என்றால் காசைக் கட்டாதீர்கள்

திருகோணமலைப் பக்கம் ஒரு தனியார் கிளினிக்கில் "ஸ்டெம் செல் போட்டால் மூன்று மாதத்தில் பொருந்திவிடும்" என்று சொல்லி 4 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா வாங்கியிருக்கிறார்கள். ஸ்டெம் செல் என்றால் எலும்பு போன்ற வேறு இழையமாக மாறக்கூடிய மூலக்கலம். கட்டியவர் மூதூர்க்காரர். மோட்டார் சைக்கிளில் விழுந்து முழங்காலுக்குக் கீழே முறிந்த எலும்பு, பிளேட் (உலோகத் தகடு) வைத்து 11 மாதமாகியும் பொருந்தவில்லை. எலும்பியல் பிரிவிலும் ஆய்வுகூடத்திலும் வேலை செய்கிற நாங்கள், அங்கே என்ன நடந்தது, அது ஏன் பலிக்காது என்பதை எழுதி வைக்கிறோம்.

வயிற்றில் விறைப்பு மருந்து கலந்த உப்புநீர் ஏற்றி 60 மில்லிலீற்றர் கொழுப்பை உறிஞ்சினார்கள். மேசையில் வைக்கும் சின்னச் சென்ட்ரிபியூஜில் (வேகமாகச் சுற்றிப் பிரிக்கும் இயந்திரம்) 10 நிமிடம் சுற்றினார்கள். மேலே மிதந்த எண்ணெயை ஊற்றிவிட்டு, மிச்சத்தில் 10 மில்லியை முறிவுப் பக்கம் ஊசியால் குத்தினார்கள். எக்ஸ்ரே பார்த்துக் குத்தவில்லை. எல்லாம் 50 நிமிடம். கையில் தந்த அட்டையில் "5 கோடி ஸ்டெம் செல்". பேனாவால் எழுதியதல்ல, அச்சடித்தது. ஆளின் கொழுப்பை எடுக்கும் முன்பே எண்ணிக்கை தயார்!

கொழுப்பில் ஸ்டெம் செல் உண்டு என்பது உண்மைதான். 2001இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பிரித்தே காட்டினார்கள். ஆனால் அவை இழையத்தோடு ஒட்டிக் கிடப்பவை. கொலாஜினேஸ் என்ற நொதியம் சேர்த்து 37 பாகையில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் குலுக்கினால்தான் கழன்று வரும். அப்படிச் செய்தாலும் ஒரு கிராமுக்குச் சுமார் 10 இலட்சம் கலங்கள். அதில் ஸ்டெம் செல் நூற்றுக்கு 1 முதல் 10 வரை. 60 கிராமுக்குப் பெருக்கிப் பாருங்கள்: 6 இலட்சத்திலிருந்து 60 இலட்சம். 5 கோடியாக்க இன்கியூபேட்டரில் வாரக்கணக்கில் வளர்க்க வேண்டும், கிருமி இல்லை என்று சோதிக்கவும் வேண்டும். வெறுமனே சுற்றி எடுத்தது கொழுப்புக் கூழ்தான்.

இன்னொன்று, கொழுப்பில் எடுத்த கலங்களை விட எலும்பு மச்சையில் (எலும்புக்குள் இருக்கும் மென்மையான இழையம்) எடுத்தவை எலும்பாக மாறுவதில் கெட்டிக்காரர்கள். பிரான்சில் பிலிப் எர்னிகூ குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், பொருந்தாத கால் எலும்புக்கு மச்சையைச் செறிவாக்கிப் போட்டபோது 60 பேரில் 53 பேருக்குப் பொருந்தியது. பொருந்தாத 7 பேருக்கும் போன கலங்கள் குறைவு. அதனால் எடுக்கும் முறைதான் முக்கியம். இடுப்பெலும்பில் 10 மில்லி சிரிஞ்சால் ஒரு இடத்தில் 2 முதல் 4 மில்லி மட்டும், பிறகு ஊசியின் ஆழத்தையும் திசையையும் மாற்றி அடுத்த இடம். ஒரே இடத்தில் 50 மில்லி இழுத்தால் வருவது பெரும்பாலும் வெறும் இரத்தம். சிரிஞ்சில் உறைதல் தடுப்பு மருந்து இல்லையென்றால் கட்டிபட்டுப் போகும்.

இதையெல்லாம் விடப் பெரிய தவறு, பழைய எக்ஸ்ரேயிலேயே தெரிந்தது. பிளேட்டின் கீழ் ஸ்குரூ ஒன்று முறிந்து, எலும்பு ஆடிக்கொண்டிருந்தது. ஆடுகிற எலும்புக்கு எந்தக் கலத்தைப் போட்டும் பலனில்லை. முதலில் இறுக்க வேண்டும். ஈஎஸ்ஆர், சிஆர்பி என்ற இரத்தப் பரிசோதனைகளைப் பார்த்து உள்ளே தொற்று இல்லை என்று உறுதிப்படுத்தவும் இல்லை. சீனி வருத்தம் உண்டா, புகைப்பாரா என்றுகூடக் கேட்கவில்லை (இரண்டும் உண்டு). மூன்றாம் வாரம் ஊசி குத்திய இடத்தில் சீழ். கேட்டதற்கு "ஐயா, உங்கட உடம்பு ஏற்கேல்ல" என்றார்களாம். சொந்தக் கொழுப்பை உடம்பு ஏற்காமல் போகுமா?

இப்போது பிளேட்டைக் கழற்றி, சுத்தம் செய்து, தொற்று ஆறிய பிறகுதான் இடுப்பெலும்பில் இருந்து எலும்பெடுத்து ஒட்ட வேண்டும். பொருந்தாத எலும்புக்கு இன்றும் முதலில் யோசிக்கும் வழி அதுதான். ஊசியை நம்பி நாலைந்து மாதம் வீண்.

யாரும் இப்படிக் கூப்பிட்டால் கேளுங்கள்: எந்த இடத்தில் எடுப்பீர்கள், எத்தனை மில்லி, கலத்தை எண்ணிய ரிப்போட் தருவீர்களா, எக்ஸ்ரேயில் பார்த்துத்தான் போடுவீர்களா, எலும்பை இறுக்கியாயிற்றா? டொக்டரின் இலங்கை மருத்துவ சபைப் பதிவிலக்கத்தையும் கேட்டு, அவர் எலும்பியல் நிபுணர்தானா என்று சரிபாருங்கள். ஏற்கெனவே காசு கட்டியவர்கள் பற்றுச்சீட்டு, அச்சடித்த அட்டை, ஊசிக்கு முந்திய எக்ஸ்ரே மூன்றையும் வைத்திருங்கள். எக்ஸ்ரேயைக் கிளினிக்கிலேயே விட்டுவிட்டு வராதீர்கள்.