முகாம் பஸ் முதல் விஷன் சென்டர் வரை: அரவிந்த் கண் மருத்துவமனையில் எங்கள் குடும்ப அனுபவம்

ஆபரேஷன் இலவசம் என்று சொல்லிவிட்டால் மட்டும் கிராமத்தில் வயசானவர்கள் கிளம்பிவிட மாட்டார்கள். பஸ் செலவு இருக்கிறது. துணைக்கு வருகிறவருக்கு அன்றைய கூலி போய்விடும். சாப்பாடு, தங்க இடம், மருந்து என்று ஒவ்வொன்றாக வரும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை இந்தக் கணக்கையும் சேர்த்துப் போட்டு நடக்கிற இடம். அப்பத்தா இலவசக் கண் முகாம் வழியாகப் போனார், அம்மா பணம் கட்டிப் பார்த்துக்கொண்டார், நான் இப்போது பக்கத்து ஊரில் அவர்கள் நடத்தும் சின்னக் கண் பரிசோதனை மையமான விஷன் சென்டருக்குப் போகிறேன். மூன்று வழியையும் பார்த்துவிட்டதால் இதை எழுதுகிறேன்.

அப்பத்தாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. "வயசானா அப்படித்தான்டா" என்று சுவரைப் பிடித்தே நடந்துகொண்டிருந்தார். லயன்ஸ் சங்கம் பள்ளிக்கூடத்தில் முகாம் நடத்தியபோது அக்கம்பக்கத்துக் கிழவிகளோடு சேர்ந்து போனார். பார்வை, கண் அழுத்தம், பிபி, சர்க்கரை எல்லாம் அங்கேயே பார்த்தார்கள். ஆபரேஷன் தேவைப்பட்டவர்களை அன்றைக்கே பஸ்ஸில் மதுரைக்குக் கூட்டிப்போனார்கள். புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ், சாப்பாடு, சொட்டு மருந்து, திரும்பி வரும் பஸ் எதற்கும் காசு இல்லை. துணைக்கு ஆளும் வேண்டியதில்லை. தெரிந்த முகங்கள் கூடவே இருந்ததால் பயமும் பாதி குறைந்தது. அப்பத்தா தனியாகப் போகிறவராக இருந்தால் வாசலிலேயே திரும்பியிருப்பார்.

அம்மா பணம் கட்டிச் செய்துகொண்டபோதுதான் இரண்டையும் ஒப்பிட முடிந்தது. அப்பத்தாவுக்குப் பெரிய கூடத்தில் பாய், அம்மாவுக்குக் கட்டிலோடு தனி அறை. அப்பத்தாவுக்குத் தையல் போடாமல் சிறிய வெட்டில் புரையை எடுத்து லென்ஸ் வைத்தார்கள். அம்மா, மடித்து உள்ளே வைக்கும் லென்ஸைத் தேர்ந்தெடுத்து பேக்கோ முறையில் (ஒலி அலையால் புரையை உடைத்து உறிஞ்சி எடுப்பது) செய்துகொண்டார். அதில் வெட்டு இன்னும் சிறியது, கண் சீக்கிரம் பழைய நிலைக்கு வருகிறது. ஆனால் சில வாரம் கழிந்த பிறகு இருவருக்கும் கிடைத்த பார்வையில் நான் வித்தியாசம் பார்க்கவில்லை. பணம் கட்டுகிறவர்களிடம் வருவதில்தான் கட்ட முடியாதவர்களின் செலவும் ஓடுகிறது. டாக்டர்கள் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். இதனால்தான் அம்மா கட்டிய பணம் எனக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லை.

"அஞ்சு பத்து நிமிஷத்துல முடிச்சுட்டாங்களே, சரியாப் பண்ணாங்களா?" என்று ஊரில் பலர் கேட்பார்கள். தியேட்டரில் இரண்டு மேஜை இருக்கும். ஒன்றில் ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்தவரை சிஸ்டர்கள் தயார் செய்துவிடுவார்கள். டாக்டர் மைக்ரோஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பி அடுத்த கண்ணைத் தொடங்குவார். டாக்டர் மட்டுமே செய்ய வேண்டியதை டாக்டர் செய்கிறார், மற்றதெல்லாம் பயிற்சி பெற்ற பெண்கள் கையில். பெரும்பாலும் கிராமத்துப் பிள்ளைகள், பள்ளிப் படிப்பு முடித்து இரண்டு வருடம் அங்கேயே பயிற்சி எடுத்தவர்கள். அவசரம் காட்டியதால் வந்த வேகம் இல்லை இது.

இதைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு, 1976-இல், 58 வயதில், 11 படுக்கைகளோடு ஆரம்பித்தார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போயிருந்தும் அந்தக் கையாலேயே கண் ஆபரேஷன் செய்யப் பழகியவர். லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்த காலத்தில் அதன் விலையே ஏழைகளுக்கு எட்டாததாக இருந்தது. 1992-இல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற சொந்தத் தொழிற்சாலையைத் தொடங்கி லென்ஸ் செய்ய ஆரம்பித்தார்கள். விலை பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. அப்பத்தா கண்ணுக்குள் இருந்தது அந்த லென்ஸ்தான்.

இனி வருடக்கணக்கில் பார்த்ததைச் சொல்கிறேன், யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம் இது. ஆபரேஷன் முடிந்து சில வருடம் கழித்து அப்பத்தாவுக்கு மறுபடி மங்கலாகத் தெரிய ஆரம்பித்தது. "ஓசியில வச்ச லென்ஸ், கெட்டுப்போச்சு" என்று தெருவே பேசியது. லென்ஸ் கெடவில்லை. அதன் பின்னால் இருக்கும் மெல்லிய சவ்வு மங்கிப்போகும். எவ்வளவு விலையுள்ள லென்ஸ் வைத்தாலும் சிலருக்கு இது வரும். லேசரில் சில நிமிட வேலை, கத்தி இல்லை, வலி இல்லை. அன்றே வீட்டுக்கு வந்துவிட்டார். ஊர்ப் பேச்சை நம்பி வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் அந்தக் கண் மங்கலாகவே இருந்திருக்கும். அப்புறம் இன்னொன்று: லென்ஸ் வைத்த பிறகும் கிட்டத்தில் பார்க்கப் பெரும்பாலும் கண்ணாடி வேண்டும். அதைப் போட்டுக்கொண்டுதான் அப்பத்தா அரிசியில் கல் பொறுக்கினார்.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. அதற்கு எனக்கு உதவுவது விஷன் சென்டர்தான். முகாம்கள் எத்தனை நடத்தினாலும், கண் பிரச்சினை உள்ளவர்களில் சுமார் 7 சதவீதம் பேர்தான் வருகிறார்கள் என்று 1990-களில் ஓர் ஆய்வில் தெரிந்தது. முகாம் வருடத்தில் ஒருநாள் வந்து போய்விடும், கண் வருடம் முழுக்க இருக்கிறது. அதனால் 2004 முதல் சிறு ஊர்களிலேயே நிரந்தரமாக மையங்கள் திறந்தார்கள். சின்னக் கட்டணம்தான். சிஸ்டர் தாடையை ஸ்டாண்டில் வைக்கச் சொல்லி விளக்கால் கண்ணைப் பார்க்கிறார், விழித்திரையைப் படம் எடுக்கிறார். பெரிய மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் அதை கம்ப்யூட்டரில் பார்த்து, திரையிலேயே என்னிடம் பேசுகிறார். கண்ணாடி வேண்டுமென்றால் அங்கேயே எழுதி வாங்கலாம். லேசருக்கும் ஆபரேஷனுக்கும் மட்டும் பெரிய ஊருக்குப் போக வேண்டும். சர்க்கரையால் விழித்திரை கெடும்போது ஆரம்பத்தில் எதுவுமே தெரியாது. பார்வை நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடாமல் வருடத்துக்கு ஒருமுறை படம் எடுத்துவிடுங்கள்.

முகாமுக்குப் பெரியவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் அவர்கள் சாப்பிடும் மாத்திரைகளைக் கையோடு கொண்டுபோங்கள். பரிசோதனைக்காகக் கண்ணின் பாவையை விரிக்கும் மருந்து விட்ட பிறகு சில மணி நேரம் கிட்டத்தில் எதுவும் தெளிவாகத் தெரியாது, பைக்கை அவர்களிடம் கொடுக்காதீர்கள். சர்க்கரையோ பிபியோ கூடியிருந்தால் அன்று ஆபரேஷனுக்கு எடுக்க மாட்டார்கள். அப்படித் திரும்பியவர்கள் "என்னை வேண்டாம்னுட்டாங்க" என்று அதோடு விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அதைக் கட்டுக்குள் கொண்டுவந்து அடுத்த முகாமுக்கு மறுபடி கூட்டிப்போங்கள்.